ஆன்-ஆஃப் சார்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஓர் அம்மா, போன சித்திரையில் ஒருநாள், அரக்கப்பரக்க ஓடி வந்து ஆன்-ஆஃப் சார் வீட்டுக் கதவைத் தட்டினார். "சார், மோட்டார் ஆஃப் ஆக மாட்டேங்குது. நீங்கதான் ஆன்-ஆஃப் சாராமே, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

பேரைக் கேட்டு எலக்ட்ரீஷியன் என்று நினைத்துவிட்டார், பாவம். சாரும் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார். ஆனால் திருப்புளியை எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஆஃப் ஆகலைங்கிறீங்க. சரி. இதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்வீங்க? புட் ஆஃப்னு சொல்லிடாதீங்க. அது தள்ளிப்போடறது. கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம், மோட்டாரைத் தள்ளிப்போட முடியுமா? புட் அவுட்னா அணைக்கறது. அது நெருப்புக்கு, விளக்குக்கு. மோட்டாருக்கு டர்ன் ஆஃப். டர்ன் டவுன்னா சத்தத்தைக் குறைக்கறது, இல்லைன்னா மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்றது…"

பாடம் முடிவதற்குள் தொட்டி நிரம்பி வழிந்து, மாடியில் காயப்போட்டிருந்த வடாம் திரும்பவும் மாவாகிவிட்டது.

ஆன்-ஆஃப் சாரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஊருக்கு ஒருவர் உண்டு. ரிட்டையர்ட் ஆனவர், வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, இன்னொன்று சிவப்பு மை, அடுத்தவர் எழுதியதைத் திருத்த. கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் முகூர்த்த நேரத்தைப் பார்க்க மாட்டார், பிழையைப் பார்ப்பார். இந்தச் சாதியில் பல கிளைகள். சிலருக்கு எழுத்துப்பிழை, சிலருக்கு உச்சரிப்பு, சிலருக்குப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம். எங்கள் சாருக்கு இவை எதிலும் ருசி கிடையாது. இங்கிலீஷில் ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருமே அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப் என்று சில்லறைச் சொற்கள், அவற்றின் மேல் மட்டும்தான் கண். அவர் அகராதியில் அவற்றுக்குப் பேர் 'வால்'. பிரேசல் வெர்ப் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வதை அவர் 'வால்வினை' என்பார். வால் இல்லாத வினையை அவர் மனிதராகவே மதிப்பதில்லை.

ஒருமுறை துக்க வீடு. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் போனில் யாரிடமோ, "பெரியப்பா நேத்து பாஸ் அவுட் ஆயிட்டார்" என்று தழுதழுத்துக்கொண்டிருந்தார். சார் மெல்ல நகர்ந்து அவர் காதருகே போனார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். "பாஸ் அவே" என்றார் சார். "பாஸ் அவுட்னா மயக்கம் போட்டு விழறது. அவங்க சோடா வாங்கிட்டு வந்துடப் போறாங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் பாஸ்தான். நம் பிள்ளைகள் 'காலேஜ் பாஸ் அவுட்' என்று சொல்வது பட்டாளத்துப் பழக்கம் என்றார். பரங்கிமலையில் இருக்கிற ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி முடிந்ததும் நடத்துகிறார்களே ஓர் அணிவகுப்பு, அதற்குப் பேர் பாஸிங் அவுட் பரேட். அங்கே அது சரி. அதை நாம் பி.காமுக்குப் போட்டுவிட்டோம். அமெரிக்காக்காரனிடம் போய் "நான் 2015இல் பாஸ் அவுட்" என்றால், இன்னுமா எழுந்திருக்கவில்லை என்று கேட்பான். பாஸ் ஆஃப் என்றால் போலியை அசல் என்று தள்ளிவிடுவது. பாஸ் அப் என்றால் வந்த வாய்ப்பை விட்டுவிடுவது. "தலை ஒண்ணுதான், பாஸ். ஆளு உசுரோட இருக்கானா இல்லையாங்கறதையே வாலைப் பார்த்துத்தான் சொல்லணும்" என்று முடித்தார். செத்தவரைப் பற்றி அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

இந்தப் பித்து அவருக்கு எங்கே பிடித்தது என்று ஒருநாள் வாய்க்கால் கரை நடையில் கேட்டேன். அதற்கு ஒரு வினைதான் காரணம். புட் அப்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கீழே இருப்பவர் கோப்பை எழுதி, நூல் கோத்துக் கட்டி, மேலே இருப்பவர் மேசைக்கு அனுப்புவதுதான் புட் அப். "ஃபைல் புட்டப் பண்ணியாச்சா?" என்பது அங்கே காலை வணக்கம் மாதிரி. 1956இல் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தையும் முதலில் யாராவது புட்டப்தான் செய்திருப்பார்கள். சமர்ப்பித்தல் என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது, கோப்பிலும் எழுதுகிறார்கள். ஆனால் எழுதி முடித்ததும் பியூனைக் கூப்பிட்டு, "இதைப் புட்டப் பண்ணிடுப்பா" என்கிறார்கள்.

சார் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிது. கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படித்துவிட்டு வந்திருந்தார். அவர் எழுதி அனுப்பிய முதல் கோப்பு, ஓரத்தில் அதிகாரியின் பச்சை மையோடு திரும்பி வந்தது. 'புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்.' பழைய காகிதங்களையும் சேர்த்து வைத்து அனுப்பு என்பது அலுவலகப் பொருள். ஆனால் சார் படித்த இலக்கியத்தில் புட் அப் வித் என்றால் சகித்துக்கொள், பொறுத்துப் போ. அவர் அலமாரியைத் திறந்தார். பழைய கோப்புகளை இறக்கி மேசை மேல் அடுக்கினார். தூசி, கரப்பான், பொடிந்த நூல். எதிரே உட்கார்ந்துகொண்டார். மூன்று நாள்.

நாலாம் நாள் கண்காணிப்பாளர் வந்து நின்றார். "தம்பி, என்ன பண்ணிக்கிட்டிருக்க?"

"பழைய பேப்பரையெல்லாம் பொறுத்துக்கிட்டிருக்கேன் சார். அய்யா எழுதியிருக்காரு."

கண்காணிப்பாளர் குறிப்பைப் படித்தார். சிரிக்கவில்லை. "முப்பது வருசமா நானும் அதைத்தாம்பா பண்றேன்" என்றார். "ஆனா சாயங்காலத்துக்குள்ள கட்டி மேல அனுப்பிடறேன்."

அன்று சாயங்காலமே சார் ஒரு பதிவேட்டைத் திறந்தார். நானும் அதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நம் கலெக்டர் ஆபீஸ்களில் டாட்டன்ஹாம் முறை என்று ஒன்று இருக்கிறது. வருகிற தபால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, யார் மேசையில் எத்தனை நாள் தூங்குகிறது என்று பதிவேட்டில் ஏற்றி, கடைசியில் அதற்கு ஒரு முடிவும் எழுத வேண்டும். ஓராண்டு வைத்திருந்து கிழித்துப் போடுவது ஓ.மு., பத்தாண்டு வைத்திருப்பது ப.மு., என்றென்றைக்கும் வைத்திருப்பது நி.மு. சார் தன் வால்வினைகளை அப்படியே இந்த முறைக்குள் தள்ளிவிட்டார். கிவ் அப், வந்த நாள், எடுத்த நடவடிக்கை, முடிவு: நி.மு. கோப் அப் வித் என்று நம்மவர்கள் இல்லாத வாலை ஒட்டவைத்துச் சொல்கிறார்களே, அது ஓ.மு.; ஒரு வருஷத்தில் அழித்துவிட வேண்டும் என்பது அவர் ஆணை. அது அழிந்தபாடில்லை. கெட் என்ற வினைக்கு மட்டும் எட்டுப் பக்கம் ஓடி, கடைசியில் சிவப்பில் எழுதியிருக்கிறது: 'நிலுவை.' செட்டைத் தொடவே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் எல்லாவற்றையும்விட நீளமான பதிவு அந்த மூன்றெழுத்துச் சொல்லுக்குத்தான் என்று எங்கோ படித்தாராம். "அது பெரிய எடத்து ஃபைல். நம்ம கையில இல்ல."

தன் குலத்துக்கு மூத்தவர் என்று அவர் கும்பிடுவது சாமுவேல் ஜான்சனை. 1755இல் அகராதி போட்ட அந்த ஜான்சன் முன்னுரையிலேயே இந்த வாலைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். வினையோடு ஒரு குட்டிச்சொல் சேர்ந்து பொருளே தலைகீழாவது இங்கிலீஷில் மிக அதிகம், பிறமொழிக்காரர்கள் மிகவும் திண்டாடுவது இதில்தான் என்பது அவர் கருத்து. அவர் காட்டிய உதாரணங்களில் ஃபால் ஆஃப் ஒன்று. அன்றைக்கு அதற்கு, பிடித்த கொள்கையை விட்டுவிட்டு ஓடுவது என்று பொருள். இன்றைக்கு யாரும் கொள்கையிலிருந்து விழுவதில்லை, பைக்கிலிருந்துதான். பிரேசல் வெர்ப் என்ற பேரை 1925இல் ஒரு புத்தகத்தில் எழுதிப் பரப்பியவர் லோகன் பியர்சால் ஸ்மித். அந்தப் பேரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. அதாவது வால் முளைத்து நூற்றாண்டுகள் ஆன பிறகுதான் பேர் வைத்திருக்கிறார்கள். சார் இதைச் சொல்லும்போது, பெயர்சூட்டு விழாவுக்குத் தனக்குப் பத்திரிகை வராத வருத்தம் முகத்தில் தெரியும்.

இதில் எனக்குப் பிடித்தவர் இன்னொருவர். சி. கே. ஆக்டன் என்ற இங்கிலீஷ்காரர் 1930இல், உலகத்தார் எல்லோரும் சுலபமாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று 850 சொல்லில் ஒரு குட்டி இங்கிலீஷைச் செய்தார். அதில் வினைச்சொல் பதினெட்டுதான். நல்ல மனசுதான். ஆனால் பதினெட்டு வினையை வைத்துக்கொண்டு உலகத்து வேலையெல்லாம் எப்படி நடக்கும்? எல்லாவற்றுக்கும் வால் கட்டித்தான் ஓட்ட வேண்டும். நுழை என்பதற்கு கோ இன், கைவிடு என்பதற்கு கிவ் அப், சகி என்பதற்கு அந்த புட் அப் வித். வெளிநாட்டுக்காரனுக்குச் சுலபமாக்குகிறேன் என்று, எது அவனுக்கு ரொம்பக் கஷ்டமோ அதையே மூட்டை கட்டிக் கையில் கொடுத்துவிட்டார்.

சாரின் புகழ் தெரு தாண்டிப் போனது எக் ஆன் விவகாரத்தில்.

பக்கத்து வீட்டுப் பையன் பன்னிரண்டாம் வகுப்பு. ஆங்கிலத் தாளில் வால்வினைக்கு என்று ஒரு மதிப்பெண் கேள்வி வரும். அந்த ஒரு மதிப்பெண்ணுக்காகச் சாரிடம் வந்தான். "தாத்தா, எக் ஆன்னா என்ன? முட்டைக்கு மேலயா?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. பையன் காலை ஒன்பது மணிக்கு வந்தான். சார் 1490க்குப் போனார்.

இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடம் வைத்த வில்லியம் கேக்ஸ்டன் அந்த வருஷம் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு கதை சொல்லியிருக்கிறார். கடல் தாண்டிப் போகக் கிளம்பிய வியாபாரிகள், காற்று வீசாததால் தேம்ஸ் ஆற்றில் கப்பலை நிறுத்திவிட்டுக் கரை இறங்கினார்கள். ஒருவர் ஒரு வீட்டு அம்மாவிடம் சாப்பிட முட்டை கேட்டார், எக்ஸ் என்று. அந்த அம்மா, எனக்குப் பிரெஞ்சு தெரியாதப்பா என்றாள். வியாபாரிக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. கடைசியில் கூட வந்தவர் எய்ரென் என்று கேட்டதும்தான் அவளுக்குப் புரிந்தது. அது முட்டைக்கான பழைய இங்கிலீஷ் சொல். எக் என்பது வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்து குடியேறியது.

"அப்ப எக் ஆன்?" என்றான் பையன். மணி பத்தேகால்.

எக் ஆனும் அதே நார்ஸ் கப்பலில்தான் வந்தது. ஆனால் முட்டைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எக்யா என்ற நார்ஸ் வினையின் பிள்ளை அது. கத்தியின் கூர்விளிம்புக்குச் சொல்கிறார்களே எட்ஜ், அதற்குப் பங்காளி. அதாவது ஒருவனைக் கூர்தீட்டி விடுவது. வேண்டாத வேலையில் இறங்கும்படி தூண்டிவிடுவது. "கவனி. எக் ஹிம் ஆன்னு சொல்லணும். அந்த 'ஹிம்' எங்க நிக்குது? நடுவுல. தலைக்கும் வாலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கறான் பாரு, அவன்தான் ஏமாளி. புட் அப் வித் அப்படிப் பிரியாது. மூணும் ஒண்ணா நிக்கும். நாம எதைப் பொறுத்துக்கணுமோ அது கடைசியிலதான் வரும்."

பையன் நோட்டில் எழுதவில்லை. சாருக்கு அது உறுத்தியது. "இப்ப ஒனக்கு அர்த்தம் புரிஞ்சுதா இல்லையா? அதுக்குச் சரியான தமிழ்ச் சொல்லுதான் எனக்குக் கெடைக்க மாட்டேங்குது. தூண்டுதல்னா அந்த விஷமம் வரலை…"

உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்த சாரின் வீட்டம்மா, தலையைத் தூக்காமல், "கொம்பு சீவி விடறதுன்னு சொல்லிட்டுப் பிள்ளைய அனுப்புங்களேன். சாப்பிட்டுட்டு வந்திருக்கானோ என்னமோ" என்றார்.

சார் அப்படியே நின்றுவிட்டார். கூர்தீட்டுவதும் கொம்பு சீவுவதும் ஒன்று. அங்கே ஆன் என்ற வால், இங்கே விடு என்ற வால். சீவினால் மட்டும் போதாது, விட வேண்டும். நார்வேக்காரன் கத்தியை வைத்துச் சொன்னதை நம்மவன் மாட்டை வைத்துச் சொல்லியிருக்கிறான். பையன் ஒரே வரியில் எழுதிக்கொண்டு ஓடிவிட்டான். சார் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு. சார் தன் வீட்டு அடுப்படியில் ஒருமணி நேரம் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ஜான்சனிடம் போயிருக்கவே மாட்டார். அந்த அம்மா ஒருநாள் பால்காரரைப் பற்றிப் பேசியதைக் கேட்டேன். "தண்ணி கலக்காதேன்னு சொன்னேன். சொல்லிப் பார்த்தேன். அவங்க வீட்டுல வேற சொல்லி வச்சேன். நேத்து மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புட்டேன். இனிமே நீங்க போயி ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்க." ஒரே சொல்லு. பின்னால் வருகிற பார், வை, விடு, தொலை எல்லாம் தனியாக நின்றால் முழு வினைகள். பார்க்கும், வைக்கும், விடும், தொலையும். வாலாக வந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு, பேசுகிறவரின் மனசு எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டுகின்றன. இங்கிலீஷ்காரனின் வால் திசை காட்டும், மேலே, கீழே, உள்ளே, வெளியே. நம் வால் எரிச்சலைக்கூடக் காட்டும். போட்டுக்கொடு என்பதில் எதையும் போடுவதுமில்லை, கொடுப்பதுமில்லை. மேலதிகாரியிடம் போய் வத்தி வைப்பது. போட்டுத் தள்ளு என்றால் போலீஸ் வந்துவிடும். ஹெரால்ட் ஷிஃப்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பேச்சுத்தமிழுக்கு எழுதி 1999இல் வெளிவந்த இலக்கண நூலில் இந்த வால்களுக்குத் தனியே இடம் ஒதுக்கியிருக்கிறார். இதைச் சாரிடம் சொன்னேன். "அப்படியா, அவர் ஷிஃப்டன்னா ஷிஃப்மன்னா?" என்று பேரைத் திருத்திக்கொண்டாரே தவிர, பதிவேட்டைத் திறக்கவில்லை. அது இங்கிலீஷ் பிரிவு. தமிழ் வேறு செக்‌ஷன்.

இந்த ஐப்பசியில் தெருச் சாக்கடை பொங்கி, வாசற்படி வரை வந்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் நாலு பேர் கூடினார்கள். "சார் ஒரு லெட்டர் போட்டா கலெக்டரே எறங்கி வருவார்" என்றான் ஒருவன். "சாரோட இங்கிலீஷுக்கு யாரு பதில் சொல்ல முடியும்?" என்றான் இன்னொருவன். சீவியது நன்றாகவே இருந்தது. சார் சிலிர்த்துக்கொண்டு கிளம்பினார். நடுவில் மாட்டிய 'ஹிம்' தான்தான் என்பது அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

இரண்டு பக்கம் இங்கிலீஷில் எழுதினார். வால்கள் அத்தனையும் ஒழுங்காக நின்றன. கடைசி வரி மட்டும் தனி வரியாக: இதை இனிமேலும் எங்களால் 'புட் அப் வித்' செய்ய முடியாது. பதிவுத் தபாலில் உரிய அலுவலகத்துக்குப் போயிற்று. கார்த்திகையும் வந்தது. சாக்கடை போகவில்லை. சார் நேரில் போனார். நானும் துணைக்குப் போனேன்.

பிரிவு எழுத்தர் மரியாதையான பெண். கோப்பைத் தேடி எடுத்து, மனு வந்தது, பார்வையில் இருக்கிறது என்று காட்டினார். சார் எட்டிப் பார்த்தார். அவர் எழுதிய கடைசி வரிக்குக் கீழே யாரோ கோடு போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஓரமாக, பச்சை மையில், மறுபடியும் அதே ஐந்து வார்த்தை: 'புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்.'

நான் சாரின் முகத்தைப் பார்த்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில். ஒரே தாளில், ஒரே வரிசையில், இரண்டு பொருளும்! மேலே ஒருவர் பொறுக்க முடியாது என்கிறார், பக்கத்தில் இன்னொருவர் சேர்த்துக் கட்டி அனுப்பு என்கிறார். "ஜெராக்ஸ் ஒண்ணு கிடைக்குமாம்மா?" என்று கேட்டார்.

"ஃபைலைப் புட்டப் பண்ணிடறேன் சார்" என்றார் அந்தப் பெண்.

வீட்டுக்கு வந்ததும் சார் அந்த நகலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். வாசலில் சாக்கடை மேல் போட்டிருந்த செங்கற்களில் கால் வைத்து நானும் பின்னாலேயே தாண்டினேன்.

"என்னங்க, என்னாச்சு? எப்ப அள்ளுவாங்களாம்?" என்றார் வீட்டம்மா.

"ஃபைல் புட்டப் ஆகப்போகுது."

"அதுவரைக்கும் நாம?"

சார் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அவருக்கு இரண்டு பொருளும் தெரியும், தமிழ்தான் தட்டுப்படவில்லை. அந்த அம்மா துடைப்பத்தை எடுத்துப் படியில் ஏறியிருந்த தண்ணீரைத் தள்ளிக்கொண்டே, "என்ன பண்றது, பொறுத்துத் தொலைப்போம்" என்றார்.

சார் அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். புட் அப் வித், நி.மு. என்று நாற்பது வருஷத்துக்கு முன் முடித்து வைத்த வரியைத் தேடிக் கண்டுபிடித்தார். முடிவை அடித்தார். பக்கத்தில், அந்த நோட்டில் முதன்முறையாக ஒரு தமிழ் வினையை, பொறுத்துத் தொலை என்று எழுதினார். அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்து, 'நிலுவை' என்று போட்டார்.